வெளிப்பயணத்துக்கு ஃபிளாஸ்க் பாட்டில்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையேற்றத்துக்கோ சைக்கிள் பயணத்துக்கோ ஃபிளாஸ்க் பாட்டில் வாங்கப் போனால், பலரும் முதலில் பார்ப்பது நிறத்தையும் பெட்டியில் போட்டிருக்கும் "24 மணி நேரம் சூடு தாங்கும்" என்ற வாசகத்தையும்தான். மூடியைத் திருகிப் பார்ப்பவர்கள் குறைவு. வெளியில் கொண்டுபோன பாட்டில் காலை வாரிவிடுவது பெரும்பாலும் மூடியில்தான்.

பாட்டில் உடலின் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் இருப்பதால் அந்த வழியாகச் சூடு அதிகம் போகாது. மூடிக்கும் கழுத்துக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் மூடி கனமாக, உள்ளே வெப்பத்தைத் தடுக்கும் அடைப்போடு இருக்க வேண்டும். ஸ்ட்ரா வைத்த மூடி, பொத்தானை அமுக்கினால் திறக்கும் மூடி இரண்டையும் நான் வெளிப்பயணத்துக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். சின்னச் சின்ன பாகங்கள் அதிகம், மண்ணும் அழுக்கும் போய் அடையும். ஸ்ட்ரா மூடியில் கொதிக்கும் டீயை ஊற்றினால் நீராவியின் அழுத்தம் அதை மேலே தள்ளி முகத்தில் பீய்ச்சவும் கூடும். சாதாரணத் திருகு மூடிதான் நல்லது. மரை ஆழமாக இருக்கிறதா, சிலிக்கோன் வாஷரைக் கழற்றிக் கழுவ முடிகிறதா, அந்த வாஷர் தனியாக விலைக்குக் கிடைக்கிறதா என்று பாருங்கள். வாஷர் கிடைக்காவிட்டால் உடல் எவ்வளவு உறுதியாக இருந்தும் பயனில்லை.

சரி, அந்த 24 மணி நேரக் கணக்கு? விளிம்பு வரை நிரப்பி, ஒருமுறைகூடத் திறக்காமல் வைத்தால் கிடைப்பது அது. வழியில் அடிக்கடி திறந்து குடிப்பவருக்கு அது பொருந்தாது. ஜப்பானியத் தயாரிப்புகளில் வேறு விதமாகப் போட்டிருப்பார்கள்: 95 டிகிரி வெந்நீர் ஊற்றி 6 மணி நேரம் கழித்து எத்தனை டிகிரி இருக்கும் என்று. ஒப்பிட்டுப் பார்க்க உதவுவது இப்படிப்பட்ட எண்தான்.

காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டீல், ஒட்டினால் மட்டம் என்று முடிவு செய்வது இன்னொரு தவறு. 304 வகை ஸ்டீலில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். 18/8 என்று போட்டிருப்பதும் இதுதான். மலிவான 201 வகையில் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்ப்பார்கள், சீக்கிரம் துருப்பிடிக்கும். ஆனால் அதிலும் காந்தம் பொதுவாக ஒட்டாது! நல்ல 304-லோ, அழுத்தி வளைத்த இடங்களில் லேசாக ஒட்டுவதுண்டு. முத்திரையைப் படியுங்கள், உள்சுவர், வெளிச்சுவர் இரண்டுமே 304-தானா என்று கேளுங்கள். சில பாட்டில்களில் உள்சுவர் மட்டும்தான் 304. கடலோரத்திலும் படகிலும் அதிகம் பயன்படுத்துபவர்களுக்கு மாலிப்டினம் கலந்த 316 இன்னும் நன்றாக உப்பைத் தாங்கும்.

வாங்கியதும் ஒரு சோதனை. கொதிக்கும் நீரை ஊற்றி மூடி, பத்து நிமிடம் கழித்து வெளிப்புறத்தை மேலிருந்து கீழாகத் தடவுங்கள். கழுத்தருகே கொஞ்சம் சூடு தெரியலாம், பரவாயில்லை. உடம்பிலோ அடியிலோ சுட்டால் வெற்றிடம் போய்விட்டது, மாற்றித் தரச் சொல்லுங்கள். கீழே விழுந்து நசுங்கிய பாட்டிலையும் இப்படியே சோதிக்கலாம். நசுங்கல் ஆழமாகி இரண்டு சுவர்களும் தொட்டுக்கொண்டால் அந்த இடம் வழியாகச் சூடு வெளியேறும். பாட்டில் கீழே விழுந்தால் பெரும்பாலும் அடிவிளிம்புதான் அடி வாங்கும், எனவே சிலிக்கோன் உறை போடுவது வீண் செலவல்ல. சில தயாரிப்புகளில் அடியில் வெற்றிடத்தை அடைக்க ஈயம் கலந்த பற்றாசு (சாலிடர்) வைத்து, மேலே ஒரு தகட்டால் மூடியிருப்பார்கள். அந்தத் தகடு கழன்று விழுந்தால் அதோடு பாட்டிலைப் பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள்.

அளவிலும் ஆசைப்பட வேண்டாம். ஒரு லிட்டர் ஸ்டீல் ஃபிளாஸ்க் காலியாகவே அரை கிலோவை ஒட்டி வரும். நெடுந்தூரம் நடப்பவர், சூடாகவோ குளிராகவோ இருக்க வேண்டியதற்கு மட்டும் அரை லிட்டர் ஃபிளாஸ்க் எடுத்துக்கொண்டு, மீதித் தண்ணீரை எடை குறைந்த சாதாரண பாட்டிலில் கொண்டுபோகலாம். பையின் பக்கப் பாக்கெட்டில் நுழைகிறதா என்பதையும் கடையிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், எவ்வளவு நல்ல பாட்டிலாக இருந்தாலும் நெருப்பில் வைக்கக் கூடாது. மூடிய வெற்றிடம் உள்ள சுவர் வெடிக்கலாம். சோடா வகைகளை அடைத்தால் வாயு அழுத்தத்தில் மூடி தெறிக்கும். பாலை வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் வைத்தால் கிருமிகள் பெருகும்.