மறதி நோய் உள்ளவர் வாசல் தாண்டினால் உடனே தெரிய: கதவு சென்சாரும் ஜிபிஎஸ்ஸும்

டிமென்ஷியா என்னும் மறதி நோய் உள்ள பெரியவர்கள் பலர், பொழுது சாய்ந்தால் சொந்த வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புவார்கள். அவரை உள்ளே விட்டு வெளியே பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் தப்ப முடியாது. கதவு திறந்த உடனே உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

1. கதவு திறந்து காந்தம் விலகியதும் மணி அடிக்கும் காந்தக் கதவு சென்சார் வாங்குங்கள். அலாரம் கதவிலேயே அலறும் வகை வேண்டாம். அந்தச் சத்தத்தில் அவர் மிரண்டுபோவார், பாவம். மணி தனியாக வரும் வயர்லெஸ் வகையாகப் பார்த்து வாங்கி, மணியை நீங்கள் படுக்கும் அறையில் வையுங்கள். கரண்ட் போனாலும் அடிக்கும்படி பேட்டரி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

2. காந்தத் துண்டைக் கதவிலும், சுவிட்ச் துண்டை நிலையிலும் அவர் கண்ணில் படாத உயரத்தில் பொருத்துங்கள். கதவைச் சாத்தினால் இரண்டுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. பழைய மரக்கதவுகளில் நிலை முன்னே நீட்டிக்கொண்டிருக்கும்; காந்தத்துக்கு அடியில் சின்னப் பலகைத் துண்டு வைத்து மட்டப்படுத்துங்கள். டேப்பை மட்டும் நம்பாமல் ஸ்க்ரூ போடுங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும், அப்போது மறுபடி சரிபாருங்கள். கொல்லைக் கதவுக்கும் ஒன்று வேண்டும்.

3. அடுத்து, அவர் எங்கே இருக்கிறார் என்று உங்கள் போனில் காட்டும் ஜிபிஎஸ் கருவி. பழகாத பொருளைக் கழற்றி வீசிவிடுவார்கள். வாட்ச் கட்டிப் பழகிய அப்பாவுக்கு வாட்ச், சங்கிலி போட்டுப் பழகிய அம்மாவுக்கு டாலர் போல் தொங்கும் வகை. பொருட்களைத் தேட ஆப்பிள் விற்கும் ஏர்டேக் வில்லையை இதற்கு நம்பாதீர்கள்; அதில் சிம்மும் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. பக்கத்தில் இருக்கும் ஆப்பிள் கருவிகள் வழியாகத்தான் இடம் காட்டும். ஆளில்லாத வயல்வழியில் அது கைகொடுக்காது.

4. சிம் போட்டு, ஆப்பில் வீட்டைச் சுற்றி எல்லை வரையுங்கள். வீட்டுக்குள் ஜிபிஎஸ் தடுமாறும், எல்லையை 50 மீட்டராக வைத்தால் வீண் அலாரம் வந்துகொண்டே இருக்கும். 200 மீட்டர் வையுங்கள். ரீசார்ஜ் முடியும் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். சார்ஜ் போட அவர் தூங்கும் நேரம் நல்லது. அப்போது கதவு சென்சார் காவல் இருக்கும்.

5. ஒருவர் கருவியோடு தெருமுனைவரை நடக்க, இன்னொருவர் போனில் பார்த்துச் சோதியுங்கள். இடம் எவ்வளவு தாமதமாக மாறுகிறது என்பது அப்போதுதான் பிடிபடும்.

அவருடைய அண்மைப் புகைப்படம், பேசும் மொழி, முன்பு குடியிருந்த தெரு, அடிக்கடி போன கோயில் எல்லாவற்றையும் எழுதிப் போனில் தயாராக வையுங்கள். கருவி இடம் காட்டவில்லை, அக்கம்பக்கத்தில் தேடியும் அவர் இல்லை என்றால் காத்திருக்காமல் அவசர உதவி எண் 112-க்கு அழையுங்கள்.