படலை விளக்கும் லண்டன் உணரியும்: இரண்டையும் பேசவைப்பது எப்படி?

யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் வீடு என்பது திட்டம் போட்டு அமைவதல்ல. விடுமுறைக்கு வருகிறவர்களின் பெட்டிகளிலிருந்து வந்து சேர்வது. கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கு லண்டன் அண்ணா பிலிப்ஸ் ஹியூ மின்குமிழ்களும் அசைவு உணரியும் கொண்டுவந்தார். படலை விளக்குக்கும் கிணற்றடி மோட்டாருக்கும் நான் இங்கே வாங்கியவை ஸ்மார்ட் லைஃப் செயலியில் இயங்கும் டூயா வகைச் சுவிட்சுகள். தங்கச்சியிடம் ஐபோன் இருக்கிறது; எல்லாம் அதிலுள்ள வீட்டுச் சாதனச் செயலியான அப்பிள் ஹோமில் தெரிந்தாக வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். ரொறன்ரோவிலிருந்து பிளக் ஏதும் வந்தால் முதலில் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. ‘100–240’ என்று அச்சிட்டிருக்காவிட்டால் செருக வேண்டாம்.

ஹியூ உணரி சிக்பீ என்ற வானொலி அலையில், பிரிட்ஜ் எனப்படும் தன் இணைப்புப் பெட்டியோடு பேசும். டூயா சுவிட்ச் வைஃபை வழியாக எங்கோ இருக்கும் சர்வரோடு பேசும். வெவ்வேறு நிறுவனச் சாதனங்கள் ஒரே மொழியில் பேசுவதற்கென 2022இல் வெளியான மேட்டர் தரம் இந்தப் பிரிவினையைத் தீர்க்கத்தான் வந்தது; ஆனால் மேட்டர் முத்திரை இல்லாத பழைய சுவிட்சுக்கு அதனால் பயனில்லை. அதற்காக எல்லாவற்றையும் கழற்றி எறிவது வீண் செலவு. பழைய மடிக்கணினியிலோ ராஸ்பெரி பை என்ற சிறு கணினியிலோ, இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் இணைக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். ஹியூவைச் சேர்க்க அதன் பிரிட்ஜில் உள்ள பட்டனை அழுத்தினால் போதும். டூயாவுக்கு ஸ்மார்ட் லைஃப் செயலியால் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும்.

இனித்தான் மெய்நிகர் சாதனம். ஹோம் அசிஸ்டன்டின் அமைப்புகளில், ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலைகளை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஒரு பொய்ச் சுவிட்சை உருவாக்கலாம். கம்பியும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்குப் ‘படலை விளக்கு’ என்று பெயர் வையுங்கள். ஹியூவும் டூயாவும் அப்பிளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. எல்லோரும் இந்தப் பொய்ச் சுவிட்சிடம் மட்டுமே பேச வேண்டும். கல்யாணத் தரகர் நடுவில் நிற்கும்வரை இரண்டு வீட்டாரும் சண்டை பிடிப்பதில்லை அல்லவா?

தானியங்கு விதிகள் இப்படி அமையும். சூரியன் மறைந்த பிறகு ஹியூ உணரி அசைவைக் கண்டால் பொய்ச் சுவிட்ச் ஆன் ஆகட்டும். சில நிமிடங்கள் அசைவில்லை என்றால் ஆஃப். எங்கள் படலைக்கு ஆட்களைவிட மாடுகள்தான் அதிகம் வருகின்றன. உணரியின் கூருணர்வைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறேன். பொய்ச் சுவிட்ச் மாறும்போது டூயா சுவிட்சும் அதே நிலைக்கு மாறட்டும். திரும்பும் வழியும் வேண்டும்: அம்மா சுவரில் கையால் விளக்கைப் போட்டால் பொய்ச் சுவிட்சும் ஆன் ஆக வேண்டும். இல்லையென்றால் செயலி ஒன்று சொல்லும், விளக்கு வேறொன்று சொல்லும்.

இந்த இரு வழிப் பாதையில்தான் விளக்கு பைத்தியம் பிடித்ததுபோல் மின்னத் தொடங்கும். டூயா சர்வரிலிருந்து செய்தி தாமதமாக வரும்போது பழைய நிலை புதிய நிலையை அழித்துவிடும். அது மறுபடி இதை அழிக்கும். ‘நிலையை மாற்று’ என்ற கட்டளையை எந்த விதியிலும் பயன்படுத்தாதீர்கள். ‘ஆன் செய்’, ‘ஆஃப் செய்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். ‘அது ஏற்கெனவே அந்த நிலையில் இல்லையென்றால் மட்டும்’ என்ற நிபந்தனையும், திரும்பும் வழியில் புதிய நிலை இரண்டு விநாடி நீடிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேருங்கள்.

அடுத்தது மின்தடை. மின்சாரம் திரும்பும்போது ரவுட்டர் எழும்பச் சற்று நேரம் எடுக்கும். அதுவரை டூயா சுவிட்ச் ‘கிடைக்கவில்லை’ என்ற நிலையில் இருக்கும். பிறகு திடீரென ‘ஆன்’ என்று தோன்றும். யாரோ சுவிட்சைப் போட்டதாக நினைத்து விதி ஓடிவிடும். ஆகவே விதியைத் தொடக்கிவைக்கும் தூண்டுதலில் ‘ஆன் ஆனால்’ என்று மட்டும் எழுதாமல், ‘ஆஃபிலிருந்து ஆனுக்கு மாறினால்’ என்று இரண்டு நிலைகளையும் குறிப்பிடுங்கள். ஸ்மார்ட் லைஃப் செயலியில், மின்சாரம் வந்ததும் சுவிட்ச் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற தெரிவைப் பல சுவிட்சுகளுக்கு அமைக்கலாம். விளக்குக்கு ‘முன்பிருந்த நிலை’ என்று வைக்கலாம். மோட்டாருக்கு ‘ஆஃப்’ மட்டும்தான்.

தங்கச்சியின் வேலை சுலபம். ஹோம் அசிஸ்டன்டில், அப்பிள் ஹோமோடு இணைக்கும் ஹோம்கிட் பிரிட்ஜ் என்ற மென்பொருள் பகுதியைச் சேர்த்து, பொய்ச் சுவிட்சுகளை மட்டும் அதில் காட்டி, வரும் குறியீட்டை ஐபோனால் ஸ்கேன் செய்யுங்கள். உண்மையான டூயா சாதனங்களையும் காட்டினால் ஒரே விளக்குக்கு இரண்டு பட்டன் வந்து நிற்கும்.

மோட்டாரை மட்டும் இந்தச் சங்கிலியை நம்பி விடாதீர்கள். இணையம் நின்றால் டூயாவுக்கு ஹோம் அசிஸ்டன்ட் அனுப்பும் கட்டளையும் நின்றுவிடும். அப்போது ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாரை நிறுத்த ஆளிருக்காது. ஒரு குதிரைத்திறன் மோட்டாரின் மதிப்பு 746 வாட்தான் என்றாலும் தொடங்கும் கணத்தில் அது பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். சிறிய ஸ்மார்ட் சுவிட்சின் தொடுமுனைகள் கருகிவிடலாம். இடையில், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் மின்காந்தச் சுவிட்சான காண்டாக்டர் ஒன்றைப் பொருத்த மின் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். தாங்கி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் வேலையை, நீர்மட்டத்தோடு மிதந்து இயங்கும் மிதவைச் சுவிட்சிடமே விடுங்கள்; அது நேரடியாகக் காண்டாக்டரின் சுருளோடு தொடராக இணைந்திருக்க வேண்டும்.