பக்கம் சுழன்றுகொண்டே இருக்கிறதா? ஹேங் ஆன பிஎச்பி புராசஸைக் கண்டறியும் முறை

இணையதளம் திறக்காமல் சுழன்றுகொண்டே இருக்கும்போது நம்மில் பெரும்பாலோர் முதலில் செய்வது சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுதான். தளம் உடனே உயிர்பெற்றுவிடும். ஆனால் எந்தப் புராசஸ் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்) எந்த வரியில் எதற்காகக் காத்துக்கொண்டிருந்தது என்ற தடயமும் அத்துடன் அழிந்துவிடும். அடுத்த நாள் அதே நேரத்தில் அதே சிக்கல் வரும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஐந்து நிமிடம் எடுத்து என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்குகிறேன். உபுண்டு அல்லது டெபியன் (லினக்ஸ் இயங்குதளங்கள்), என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), பிஎச்பி-எஃப்பிஎம் (பிஎச்பி ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது), மைஎஸ்க்யூஎல் (தரவுத்தளம்) என்ற பரவலான அமைப்பை எடுத்துக்கொள்கிறேன். ஆணைகளையும் அமைப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் அடிக்க வேண்டும்.

முதலில் யார் என்ன வேலை செய்கிறார்கள்

உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை என்ஜின்எக்ஸ் வாங்கி, அது பிஎச்பி கோப்புக்கானதாக இருந்தால் எஃப்பிஎம்மிடம் தள்ளிவிடுகிறது. 2010-இல் வெளிவந்த பிஎச்பி 5.3.3 முதல் எஃப்பிஎம் பிஎச்பியின் ஒரு பகுதியாகவே வருகிறது. அதற்குள் ஒரு தலைமைப் புராசஸும் அதன் கீழ் சில ஒர்க்கர்களும் இருக்கும். ஓர் ஒர்க்கர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும்.

ஐந்து நாற்காலி உள்ள முடிதிருத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஆறாவதாக வருபவர் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். நாற்காலியில் இருக்கும் ஐந்து பேருமே முடி வெட்டிக்கொள்ளாமல், யாரோ கொண்டுவருவதாகச் சொன்ன வெந்நீருக்காகக் காத்திருந்தால் கடையே நின்றுவிடும். கத்தரிக்கோலின் மேலும் தவறில்லை, வேலை செய்பவரின் மேலும் தவறில்லை. உபுண்டுவிலும் டெபியனிலும் ஒர்க்கர் எண்ணிக்கையின் உச்சவரம்பான பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் இயல்பாகவே 5 என்றுதான் இருக்கும் என்பதால், இந்த உவமை அவ்வளவாக மிகையில்லை. ஹேங் ஆன ஒர்க்கர் என்பது பெரும்பாலும் அதிகமாக வேலை செய்துகொண்டிருக்கும் ஒர்க்கர் அல்ல, யாருக்காகவோ காத்திருக்கும் ஒர்க்கர். யாருக்காக என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

படி 1: பிழை எண்ணைப் படியுங்கள்

திரையில் 500, 502, 504 என்று வருவதை எல்லாம் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. 500 என்றால் ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கி, தன் பிழையால் விழுந்திருக்கிறது என்பதே வழக்கமான பொருள். பிஎச்பியின் எரர் லாகில் (பிழைப் பதிவேட்டில்) கோப்புப் பெயரும் வரி எண்ணும் இருக்கும். 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்ற வரியைக் கண்டால் மிரள வேண்டாம். அது 128 எம்பி, மெமரி_லிமிட் அமைப்பின் இயல்பு மதிப்பு. வெற்று வெள்ளைப் பக்கமும் பெரும்பாலும் இதே வகைதான், பிழையைத் திரையில் காட்டும் அமைப்பு அணைக்கப்பட்டிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை.

502 என்றால் என்ஜின்எக்ஸால் எஃப்பிஎம்மை அடைய முடியவில்லை அல்லது பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துவிட்டது. என்ஜின்எக்ஸின் எரர் லாகில், அதாவது /வார்/லாக்/என்ஜின்எக்ஸ்/எரர்.லாக் கோப்பில், அடைப்புக்குள் ஓர் எண் இருக்கும், அதுதான் சாவி. 2 என்றால் என்ஜின்எக்ஸும் எஃப்பிஎம்மும் பேசிக்கொள்ளும் சாக்கெட் கோப்பே அந்த இடத்தில் இல்லை. உபுண்டு 22.04-இலிருந்து 24.04-க்கு மாறியவர்கள் இதை அடிக்கடி சந்திப்பார்கள், பிஎச்பி 8.1 போய் 8.3 வந்திருக்கும், சாக்கெட்டின் பெயரும் மாறியிருக்கும், என்ஜின்எக்ஸ் அமைப்பில் மட்டும் பழைய பெயர் கிடக்கும். 13 என்றால் அனுமதிச் சிக்கல். 111 என்றால் கேட்க அங்கே யாரும் இல்லை. 11 என்றால் பெஞ்சும் நிரம்பிவிட்டது. 104 என்றால் ஒர்க்கர் வேலையின் நடுவில் செத்துவிட்டது. எஃப்பிஎம் லாகில் சிக்னல் 11 என்றிருந்தால் பிஎச்பியோ அதன் நீட்சி ஒன்றோ முறிந்திருக்கிறது, சிக்னல் 9 என்றிருந்தால் நினைவகம் போதாமல் கெர்னலே (இயங்குதளத்தின் மையப்பகுதி) அதைக் கொன்றிருக்கக்கூடும் என்பதால் டிமெசேஜ் (எழுதும்போது டி, எம், இ, எஸ், ஜி) ஆணையின் வெளியீட்டில் 'அவுட் ஆஃப் மெமரி' என்ற வரியைத் தேடுங்கள்.

504 என்றால் ஒர்க்கர் உயிரோடு இருக்கிறது, ஆனால் பதில் தரவில்லை. என்ஜின்எக்ஸ் இயல்பாக 60 விநாடி பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடும். இனி நாம் பேசப்போவது முக்கியமாக இதைப் பற்றித்தான். அக்சஸ் லாகில் 499 என்ற எண் வரிசையாக வந்தாலும் இதே கதைதான். காத்திருந்த பயனரே பொறுமையிழந்து பக்கத்தை மூடிவிட்டார் என்பதற்கு என்ஜின்எக்ஸ் வைத்திருக்கும் எண் அது.

ஒரு கூடுதல் செய்தி: என்ஜின்எக்ஸ் 504 காட்டியதும் ஒர்க்கர் விடுபட்டுவிடுவதில்லை, அது இன்னும் காத்துக்கொண்டே இருக்கும். பயனர் பக்கத்தைப் புதுப்பிப்பார், இன்னோர் ஒர்க்கரும் அதே இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும். ஒருவரே ஐந்து முறை எஃப்5 தட்டினால் ஐந்து நாற்காலியும் போயிற்று.

படி 2: எந்தப் புராசஸ், எந்த நிலையில்

'பிஎஸ் ஆக்ஸ்' என்று அடித்து, அதில் பிஎச்பி-எஃப்பிஎம் வரிகளை மட்டும் கிரெப் கொண்டு பிரித்தெடுங்கள். ஸ்டேட் என்ற நெடுவரிசையில் ஓர் எழுத்து இருக்கும். 'ஆர்' என்றால் உண்மையிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. சிபியு விழுக்காடும் 100-ஐ ஒட்டி இருந்தால் முடிவில்லாச் சுழல் ஏதேனும் இருக்கலாம். 'எஸ்' என்றால் தூங்குகிறது, அதாவது காத்திருக்கிறது. வேலையின்றிச் சும்மா இருக்கும் ஒர்க்கரும் இதே 'எஸ்'தான் என்பதால் இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. 'டி' (ஆங்கிலத்தில் D) என்றால் வட்டு அல்லது என்எஃப்எஸ் போன்ற பிணையச் சேமிப்பகத்தின் பதிலுக்காகக் கெர்னலுக்குள்ளேயே சிக்கியிருக்கிறது. அதைக் கில் -9 (புராசஸை வலுக்கட்டாயமாக முடிக்கும் ஆணை) கொண்டும் அசைக்க முடியாது, சேமிப்பகத்தைத்தான் சரிசெய்ய வேண்டும். 'இசட்' என்றால் ஏற்கெனவே இறந்த புராசஸ், தாய்ப் புராசஸ் இன்னும் கணக்கை முடிக்கவில்லை, அவ்வளவே.

வட்டு நிரம்பியிருக்கிறதா என்று 'டிஎஃப் -எச்', 'டிஎஃப் -ஐ' இரண்டையும் அடித்துப் பார்த்துவிடுங்கள். பத்து விநாடி வேலை. மணிக்கணக்கான தேடலை மிச்சப்படுத்திய நாட்கள் உண்டு.

சும்மா இருப்பதையும் சிக்கியிருப்பதையும் பிரித்தறிய எஃப்பிஎம்மின் நிலைப் பக்கம் உதவும். பூல் (ஒர்க்கர் குழு) அமைப்புக் கோப்பில் பிஎம்.ஸ்டேட்டஸ்_பாத் என்ற வரியை இயக்கி, என்ஜின்எக்ஸில் அந்த முகவரியை உங்கள் ஐபிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். முகவரியின் இறுதியில் கேள்விக்குறியும் 'ஃபுல்' என்ற சொல்லும் சேர்த்துத் திறந்தால் ஒவ்வோர் ஒர்க்கரின் புராசஸ் எண்ணும், அது இப்போது எந்த முகவரியைக் கவனிக்கிறது, எவ்வளவு நேரமாக என்பதும் தெரியும். நேரம் மைக்ரோவிநாடியில் இருக்கும். 45000000 என்றால் 45 விநாடி. எல்லா ஒர்க்கர்களும் மாட்டிக்கொண்டால் இந்தப் பக்கமும் திறக்காதே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்காகவே பிஎச்பி 8.0-இல் பிஎம்.ஸ்டேட்டஸ்_லிசன் என்ற அமைப்பு வந்தது. நிலைப் பக்கத்துக்கென்று தனி வாசல் வைத்துக்கொள்ளலாம்.

படி 3: எந்த வரி என்று ஸ்லோலாகைக் கேளுங்கள்

தொடக்கநிலையில் இருப்பவர் இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளட்டும். பூல் கோப்பில் ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட் என்பதை 5எஸ் என்றும், ஸ்லோலாக் என்பதில் ஒரு கோப்பின் பாதையையும் எழுதி எஃப்பிஎம்மை ரீலோடு செய்யுங்கள். இயல்பில் இது அணைந்தே இருக்கும். இனி எந்தக் கோரிக்கை ஐந்து விநாடியைத் தாண்டினாலும், அந்தக் கணத்தில் ஸ்கிரிப்ட் எந்தச் செயல்கூறில், எந்தக் கோப்பின் எத்தனையாவது வரியில் நின்றது என்பது அழைப்பு வரிசையுடன் பதிவாகும். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓட்டுபவர்கள் பிடிரேஸ் அனுமதி (ஒரு புராசஸ் இன்னொன்றின் உள்நிலையைப் பார்க்கும் அனுமதி) கொடுத்தால்தான் இது வேலை செய்யும்.

அந்த அழைப்பு வரிசையின் மேலே கர்ல்_எக்ஸெக் என்றிருந்தால் வெளிச் சேவைக்காகக் காத்திருக்கிறது. பிடிஓ அல்லது மைஎஸ்க்யூஎல்ஐ என்றிருந்தால் தரவுத்தளம். செஷன்_ஸ்டார்ட் என்றிருந்தால் அதுதான் புதியவர்களை அதிகம் குழப்பும் வகை. படி 5-இல் பார்ப்போம்.

ஸ்லோலாகை முன்பே இயக்காமல் இப்போதே சிக்கிக்கொண்டிருப்பவர்கள், புராசஸ் எண் 2417 என்று வைத்துக்கொண்டால், 'சூடோ எஸ்ட்ரேஸ் -பி 2417' என்று அடித்து, அந்தப் புராசஸ் கெர்னலுக்கு விடுக்கும் அழைப்புகளைப் பார்க்கலாம். கடைசி வரி பாதியில் நிற்கும். போல் அல்லது ரெக்வ்ஃபிரம் என்றால் பிணையம்; எஃப்லாக் என்றால் கோப்புப் பூட்டு. அந்த அழைப்பில் உள்ள சிறிய எண் எந்தக் கோப்பை அல்லது இணைப்பைக் குறிக்கிறது என்பதை 'எல்எஸ்ஓஎஃப் -பி 2417' சொல்லிவிடும்.

படி 4: முப்பது விநாடி என்ற மாயை

"மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் 30 என்றுதானே இருக்கிறது, பிறகு எப்படி ஸ்கிரிப்ட் பத்து நிமிடம் நிற்கும்?" என்பது நானும் ஒருகாலத்தில் கேட்ட கேள்வி. லினக்ஸில் அந்த முப்பது விநாடி என்பது ஸ்கிரிப்ட் தானே உழைத்த நேரம் மட்டுமே. தரவுத்தளப் பதிலுக்கும், பிணையத்துக்கும், ஸ்லீப்புக்கும் செலவான நேரம் அதில் சேராது. விண்டோஸில் கடிகார நேரமே கணக்கு என்பதால், சொந்த மடிக்கணினியில் முப்பது விநாடியில் துண்டிக்கப்பட்ட ஸ்கிரிப்ட் சர்வரில் துண்டிக்கப்படாமல் போவதும் உண்டு.

நான் பராமரித்த ஒரு சிறு விற்பனைத் தளம் சில மாலைகளில் மட்டும் உறைந்துவிடும். ஆர்டர் உறுதியானதும் குறுஞ்செய்தி அனுப்ப ஒரு வெளிச் சேவையைக் கர்ல் மூலம் அழைத்திருந்தேன். அந்தச் சேவை நெரிசலான வேளைகளில் இணைப்பை ஏற்றுக்கொண்டு பதிலே தராது. கர்லுக்கு மொத்தக் கால வரம்பு இயல்பில் கிடையாது. கர்லாப்ட்_டைம்அவுட் 10 என்ற ஒரே வரி அந்தச் சிக்கலைத் தீர்த்தது. அதற்கு முன் இரண்டு வாரம் நான் ஒர்க்கர் எண்ணிக்கையைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கால வரம்புகளை உள்ளிருந்து வெளியே வளர்ந்துகொண்டே போகும்படி அமையுங்கள்: வெளிச் சேவைக்கு 10 விநாடி, எஃப்பிஎம்மின் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட்டுக்கு 50, என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட்டுக்கு 60. நடுவில் உள்ளது கடிகார நேரத்தைப் பார்த்து ஒர்க்கரைக் கொல்லும். இயல்பில் அதன் மதிப்பு 0, அதாவது கொல்லவே கொல்லாது. ஆனால் இது கடைசி அரண் மட்டுமே; பணம் செலுத்தும் ஸ்கிரிப்டின் பாதியில் இது குறுக்கிட்டால் பாதி எழுதிய பதிவுகள் மிஞ்சும்.

படி 5: பூட்டுகள்

ஒரே ஒரு பயனருக்கு மட்டும் எல்லாப் பக்கங்களும் சுழல்கின்றன, அவரே வேறோர் உலாவியில் திறந்தால் உடனே வருகிறது என்றால், செஷன் பூட்டு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பிஎச்பி செஷன்களை, அதாவது ஒவ்வொரு பயனரைப் பற்றியும் பக்கங்களுக்கிடையே நினைவில் வைக்கும் தகவல்களை, இயல்பாகக் கோப்புகளில் வைக்கிறது. செஷன்_ஸ்டார்ட் அந்தக் கோப்பைப் பூட்டிவிடும், ஸ்கிரிப்ட் முடியும்வரை விடாது. அவர் ஒரு டேபில் இரண்டு நிமிட அறிக்கையைத் தயாரிக்கச் சொல்லிவிட்டு மற்றொரு டேபைத் திறந்தால், இரண்டாவது டேப் அந்த இரண்டு நிமிடமும் வாசலில் நிற்கும். செஷனிலிருந்து வேண்டியதை எடுத்தவுடன், நீண்ட வேலையைத் தொடங்கும் முன், செஷன்_ரைட்_குளோஸ் என்பதை அழைத்துவிட்டால் பூட்டு விடுபடும். செஷனைப் படிக்க மட்டும் செய்யும் பக்கங்களில், பிஎச்பி 7.0 முதல் கிடைக்கும் ரீட்_அண்ட்_குளோஸ் என்ற தேர்வைச் செஷன்_ஸ்டார்ட்டுக்கே கொடுக்கலாம்.

தரவுத்தளப் பக்கம் சந்தேகம் என்றால் மைஎஸ்க்யூஎல்லுக்குள் 'ஷோ ஃபுல் புராசஸ்லிஸ்ட்' என்று அடித்து, நேரம் அதிகமான வரிகளைப் பாருங்கள். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்புப் பகுதி) அட்டவணை வரிப் பூட்டுக்கு 50 விநாடி காத்துவிட்டுப் பிழை 1205 தரும். இருவர் ஒருவரையொருவர் பூட்டிக்கொண்டால் ஒருவரை விலக்கி 1213 தரும். மெட்டாடேட்டா பூட்டுக்காக (அட்டவணையின் அமைப்பைக் காக்கும் பூட்டு) காத்திருக்கிறது என்ற வரி வந்தால் கவனம் தேவை, அதற்கான இயல்பு வரம்பு 31536000 விநாடி, அதாவது ஓராண்டு! யாரோ பரிவர்த்தனை ஒன்றைத் திறந்து முடிக்காமல் வைத்திருக்க, இன்னொருவர் அட்டவணையின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் ஓட்டியிருப்பார்; அதன் பின்னால் வந்த எளிய செலெக்ட்களும் வரிசையில் நிற்கும். கொல்ல வேண்டியது ஆல்டரையா, 'ஸ்லீப்' நிலையில் அப்பாவியாக இருக்கும் பழைய இணைப்பையா என்று பார்த்து முடிவெடுங்கள், பெரும்பாலும் இரண்டாவதுதான்.

படி 6: சிக்கியதை விடுவித்தல்

தடயத்தைக் குறித்துக்கொண்ட பிறகு, முழுச் சேவையையும் நிறுத்தாமல் 'சூடோ கில் 2417' என்று அந்த ஓர் ஒர்க்கரை மட்டும் முடித்துவிடலாம். தலைமைப் புராசஸ் தேவைப்பட்டால் புதியதொன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே கில் -9-க்குப் போகாதீர்கள்.

ஒர்க்கர் எண்ணிக்கையைக் கூட்டுவது இதற்குப் பிறகுதான். மேக்ஸ்_சில்ட்ரன் வரம்பை எட்டிவிட்டது, கூட்டிப் பாருங்கள் என்று லாக் சொல்வதைக் கேட்டு உடனே 50 என்று வைத்தால் நினைவகம் தீர்ந்து, படி 1-இல் பார்த்த சிக்னல் 9 வந்து நிற்கும். இயங்குதளத்துக்கும் மைஎஸ்க்யூஎல்லுக்கும் போக 1 ஜிபி மிஞ்சுகிறது, ஓர் ஒர்க்கர் 60 எம்பி எடுக்கிறது என்றால் 17 வரை இடம் உண்டு, 15 வையுங்கள்.

படி 7: சரியாயிற்றா என்று சோதித்தல்

சோதனைச் சர்வரில், ஸ்லீப் 90 என்று மட்டும் எழுதிய ஒரு பிஎச்பி கோப்பை வைத்து, கடிகாரத்தைப் பார்த்தபடி உலாவியில் திறவுங்கள். முப்பதாவது விநாடியில் எதுவும் நடக்காது. ஐந்தாவது விநாடியை ஒட்டியே ஸ்லோலாகில் வரி எண் பதிவாகியிருக்க வேண்டும். ஐம்பதாவது விநாடி வாக்கில் எஃப்பிஎம் ஒர்க்கரைக் கொன்று, திரையில் 502 வர வேண்டும். அதற்கு மாறாக அறுபதாவது விநாடியில் 504 வந்தால் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் செயல்படவில்லை. பெரும்பாலும் வேறொரு பிஎச்பி பதிப்பின் பூல் கோப்பைத் திருத்தியிருப்பீர்கள், அல்லது ரீலோடு செய்ய மறந்திருப்பீர்கள். சோதனை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். முகவரி தெரிந்த எவரும் அதை ஒர்க்கர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒரே நேரத்தில் திறந்தால் தளம் முழுவதும் நின்றுவிடும்.