பினாங்குக் கொடிமலை: ஒருநாள் பயணத்தில் கோட்டை விடும் இடங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில், தலைநகரான ஜார்ஜ் டவுனிலிருந்து பார்த்தால் கொடிமலை கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரியும். அதை நம்பிப் பலர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு இரண்டு மணிக்குக் கிளம்புகிறார்கள். மேகம் திரண்டு உச்சியை மூடுவதும் மழை பிடிப்பதும் பெரும்பாலும் பிற்பகலில்தான். காலையிலேயே ஏறிவிடுங்கள். நகரம் கிழக்குப் பக்கம் இருப்பதால் காலை வெயில் கேமராவுக்கு நேர் எதிரே அடிக்கும், படம் சுமாராகத்தான் வரும். ஆனால் துறைமுகமும் பாலமும் கண்ணுக்குத் தப்பாது.

நகரின் ஜெட்டி படகுத்துறையிலிருந்தும் கொம்தார் கோபுரப் பேருந்து நிலையத்திலிருந்தும் 204ஆம் எண் பேருந்து மலையடி நிலையம் வரை போகும். ஆயர் ஈத்தாம் சந்தையோடு நின்றுவிடும் வண்டியில் ஏறினால் மீதித் தூரத்துக்கு வேறு வழி தேட வேண்டும். பெரிய நோட்டை நீட்டாதீர்கள், மீதி தரமாட்டார்கள்.

மலையடியிலிருந்து உச்சிக்குக் கம்பிவடம் இழுக்கும் ரயில் ஏறுகிறது. 1923இல் ஓடத் தொடங்கிய பழைய ரயிலில் பாதி வழியில் வண்டி மாற வேண்டியிருந்தது. 2011க்குப் பிறகு அந்தச் சிரமம் இல்லை, நேராக உச்சிதான். ஏறும்போது காட்சி முதுகுப் பக்கம் விரியும். ஆகவே எல்லாரும் முட்டி மோதும் மேல் பெட்டியை விட்டுவிட்டு, கடைசியாக இருக்கும் கீழ்ப் பெட்டியில் கண்ணாடியோரம் நில்லுங்கள்.

நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று தனியாக உண்டு. தைப்பூசத்துக்குக் கூட்டம் அலைமோதும் 513 படிக் கோயில் தண்ணீர்மலையில், தாவரவியல் பூங்காவுக்கு அருகே இருக்கிறது. கொடிமலை உச்சியில் இருப்பது அருளொளி திருமுருகன் கோயில், அது வேறு. வாடகை வண்டிக்காரரிடம் வெறுமனே "முருகன் கோயில்" என்றால் எங்கே இறக்கிவிடுவார் என்று சொல்ல முடியாது.

ஏறும் வரிசைக்கு எல்லாரும் தயாராக வருவார்கள். மாட்டிக்கொள்வது இறங்கும்போதுதான். நகர விளக்குகளைப் பார்த்துவிட்டு மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத் திரும்பும். வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் கேட்கவே வேண்டாம். விரைவு வரிசைச் சீட்டு வாங்குவதானால் அது இறங்கவும் செல்லுமா என்று கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வரிசைக்குப் பயந்து, பூங்கா வரை போகும் ஜீப் பாதையில் செருப்போடு நடக்கத் தொடங்குவது அதைவிட மோசம். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டரும் செங்குத்தான சரிவு. மழை பெய்த தார்ச்சாலை வழுக்கும், முழங்கால் இரண்டு நாளைக்குப் பேசும். வழியில் குரங்குகளும் வரும். கையில் தொங்கும் பிளாஸ்டிக் பைதான் அவற்றின் குறி, தின்பண்டம் இருந்தால் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள்.