இரண்டு க்யூபிட்டில் சரியாக வந்தால் போதாது

போன வாரம் ஒரு மாணவர் நோட்டோடு என் அறைக்கு வந்தார். ஒரு குவாண்டம் தேற்றத்தை இரண்டு க்யூபிட்டுக்கு (க்யூபிட் என்பது குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) அழகாக நிறுவியிருந்தார். கடைசி வரி: "இதுபோலவே எல்லாப் பரிமாணத்துக்கும்." நான் முனைவர் பட்டம் செய்தபோது எழுதிய அதே வரி. இந்த ஆய்வில் நாம் செய்யும் மூன்று தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். குறி மாறுவது, காரணி விடுபடுவது போன்றவை எல்லாருக்கும் நடக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சின்னப் பரிமாணத்தை நம்பிப் பெரியதைக் கட்டுவது

1996-ல் இயற்பியலாளர் ஆஷர் பெரெஸ் எளிய சோதனை ஒன்றைச் சொன்னார். இரு துகள்களின் அடர்த்தி அணியில் (அவற்றின் நிலையைச் சொல்லும் எண் அட்டவணை) ஒரு துகளின் பங்கை மட்டும் இடமாற்றுங்கள். எதிர்மறை ஐகன் மதிப்பு (அணிக்கே உரிய சிறப்பு எண்) வந்தால் அங்கே குவாண்டம் பின்னல், அதாவது துகள்களைத் தனித்தனியாக விவரிக்க முடியாத பிணைப்பு, உண்டு. வராவிட்டால்? 2×2, 2×3 பரிமாணங்களில் (ஒரு துகளுக்கு இரண்டு அடிப்படை நிலைகள், மற்றதற்கு இரண்டோ மூன்றோ) பின்னல் இல்லையென்று அடித்துச் சொல்லலாம் என அதே ஆண்டில் ஹொரொடெக்கிகள், அப்பாவும் இரு மகன்களும், நிறுவினார்கள். அதற்கு மேலே அந்த உத்தரவாதம் கிடையாது. மறு ஆண்டே பாவெல் ஹொரொடெக்கி 3×3-ல் எதிருதாரணம் தந்தார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். வகுப்பில் விளக்கியும் இருக்கிறேன். ஆனாலும் "சோதனையில் தேறினால் பின்னலில்லை" என்ற ஊகம் என் நிறுவலின் நடுவில் ஒரு துணைத்தேற்றத்துக்குள் ஒளிந்திருந்தது. எட்டு மாதம் அதன்மேல் கட்டினேன். ஒரு கருத்தரங்கில் பின்வரிசையிலிருந்து ஒருவர், "3×3-ல் போட்டுப் பார்த்தீர்களா?" என்றார். அன்றிரவு விடுதி அறையில் டைல்ஸ் என்ற 3×3 குவாண்டம் நிலையை எடுத்துப் போட்டேன். தரையில் ஓடு பதித்ததுபோல் வரைந்து காட்டலாம் என்பதால் அந்தப் பெயர். ஒன்பதுக்கு ஒன்பது அணி. இடமாற்றிய பிறகும் அணி அப்படியே இருந்தது: ஐகன் மதிப்புகளில் நான்கு 1/4, ஐந்து பூஜ்யம். எதிர்மறை ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த நிலையில் பின்னல் உண்டு. எட்டு மாதமும் போயிற்று. இன்றைக்கும் எரிச்சல் வருவது, அந்தக் கணக்குக்கு அரை மணி நேரம்தான் ஆனது என்பதால்.

ஆகவே "இதுபோலவே" என்று எழுதக் கை போகும்போதே டைல்ஸைப் போட்டுப் பாருங்கள். உங்கள் கூற்று அதில் தப்பினாலும் நிம்மதியாக இருக்க முடியாது. ஹோலெவோ கொள்ளளவு (ஒரு குவாண்டம் தடத்தின் தகவல் அளவைக் குறிக்கும் எண்) கூட்டத்தக்கது, அதாவது இரு தடங்களைச் சேர்த்தால் அவற்றின் கூட்டுத்தொகையே வரும் என்று பலர் நம்பியிருந்தார்கள். 2009-ல் ஹேஸ்டிங்ஸ் அதை உடைத்தது மிகப் பெரிய பரிமாணங்களில்.

மாணவருக்கு நோட்டிலேயே அந்த நிலையை எழுதிக் கொடுத்தேன். மாலையில் வந்தார். கடைசி வரியை அடித்திருந்தார்.

வேகத்தை அவசரமாக அறிவிப்பது

குவாண்டம் அல்காரிதம் சாதாரணக் கணினியைவிட வேகமானது என்று அறிவிக்கும் முன், தரவை ஏற்றும் நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எதிரில் நிறுத்தும் சாதாரண அல்காரிதம் உண்மையிலேயே நல்லதா என்று பாருங்கள். பரிந்துரைக் கணக்கில் (ஒருவருக்கு என்ன பிடிக்கும் என்று ஊகிப்பது) பெரிய குவாண்டம் வேகம் உண்டு என்று நினைத்திருந்தோம். 2018-ல் இவின் டாங் சாதாரணக் கணினிக்கே ஏறக்குறைய அந்த வேகத்தைக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது 18.

ஆர்க்கைவில் போடத் தயங்குவது

சரிபார்த்தாயிற்றா? இதழுக்குக் காத்திராமல் ஆய்வுக்கட்டுரைகளுக்கான அந்த இணையக் களஞ்சியத்தில் இன்றே போடுங்கள்.