ஆர்டி 350: இக்னிஷன் காயிலை மாற்றுவதும் இடம் நகர்த்துவதும்

மாமாவிடமிருந்து எனக்கு வந்த ராஜ்தூத் ஆர்டி 350, 1986 மாடல், இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் பைக். காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகும். கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரண்டு சைலன்சரும் ஒரே சுருதியில் பாடும். கல்லாறு தாண்டி ஏற்றம் பிடித்ததும் வலது சிலிண்டர் அடங்கிவிடும். பர்லியாரில் அரை மணி நேரம் நிழலில் போட்டுவிட்டு மறுபடி உதைத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இரண்டு கார்புரேட்டரையும் மூன்று முறை கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான், பேட்டரியின் 12 வோல்ட்டைப் பிளக்கில் பொறி விழும் அளவுக்கு உயர்த்தும் இக்னிஷன் காயில் பக்கம் என் கண் போனது.

சூடானால் ஒரு பக்கம் படுத்து, ஆறினால் எழுந்துகொள்கிறது என்றால் முதலில் காயிலைச் சந்தேகப்படுங்கள். உள்ளே மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருக்கும். பல வருடச் சூட்டில் அதன் இன்சுலேஷன் பழுதாகிவிடும். ஆறியிருக்கும்போது மீட்டர் வைத்தால் எல்லாம் சரியாகவே காட்டும். என் இரண்டு காயிலும் 4 ஓம் பக்கத்தில்தான் காட்டின. அதனால் மீட்டரை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள்.

இரட்டை சிலிண்டர் வண்டியில் இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது. இடது, வலது காயில்களை ஒன்றுக்கொன்று மாற்றிவிடலாம். பாயின்ட் என்பது இன்ஜின் சுற்றும்போது திறந்து மூடி, காயிலின் கரண்டை வெட்டிவிடும் சுவிட்ச்; பக்கத்துக்கு ஒன்று. என் வண்டியில் இடது பாயின்டிலிருந்து வருவது ஆரஞ்சு வயர், வலதிலிருந்து வருவது சாம்பல் வயர். அவை இரண்டையும் காயில் பக்கத்தில் இடம் மாற்றிக் கொடுங்கள். பிளக்கின் தலையில் செருகும் பிளக் கேப்பையும் அதே போல மாற்றிப் போடுங்கள். பாயின்ட் வயரை மாற்றிவிட்டு பிளக் கேப்பை மாற்ற மறந்தால் தப்பான நேரத்தில் பொறி விழும், கவனம். அப்புறம் வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். கோளாறு இடது பக்கத்துக்குத் தாவினால் காயில்தான் குற்றவாளி, அல்லது அதோடு சேர்ந்து போகும் ஹெச்டி வயரும் (காயிலிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயர்) பிளக் கேப்பும். வலதிலேயே நின்றால் காயிலுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அந்தப் பக்கத்துப் பாயின்ட், கண்டென்சர் (பாயின்டில் பொறி பறக்காமல் காக்கும் சிறு உருளை), பிளக்கைப் பாருங்கள். எனக்குத் தாவியது.

சரி, காயில் வாங்கும் முன் இன்னொன்றை அளந்தே ஆக வேண்டும். பாயின்ட் மூடியிருக்கும் நிலையில் சாவியைப் போட்டு, காயிலுக்கு வரும் பிரவுன் வயரில் எத்தனை வோல்ட் என்று பாருங்கள். என் பேட்டரியில் 12.4 இருந்தது, காயிலில் 10.6 தான் வந்து சேர்ந்தது. மிச்சம் 1.8 வோல்ட்டை வழியில் சாவி சுவிட்ச், கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்), பச்சை பிடித்த கனெக்டர்கள் எல்லாம் தின்றுவிட்டன. காயிலில் சேரும் சக்தி கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும் என்பதால், இந்த 1.8 வோல்ட் பொறியின் பலத்தில் கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுகிறது. இதைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலை உயர்ந்த காயில் போட்டாலும் வீண். அளந்து முடித்ததும் சாவியை உடனே அணைத்துவிடுங்கள். பாயின்ட் மூடியபடி ரொம்ப நேரம் விட்டால் காயில் வெந்துவிடும்.

கனெக்டர்களைச் சுத்தம் செய்ததிலேயே அரை வோல்ட் திரும்பி வந்தது. மீதிக்கு, சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்று போட்டேன். காரில் போடும் சாதாரண 12 வோல்ட், நான்கு பின் ரிலே போதும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து தடித்த வயர் ஒன்றை 10 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 30-ஆம் பின்னுக்குக் கொடுங்கள். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். 87-லிருந்து இரண்டு காயிலின் பாசிட்டிவுக்கும். பழைய பிரவுன் வயரை 86-ல் செருகுங்கள், 85-ஐ ஃபிரேமில் எர்த் செய்யுங்கள். சாவியும் கில் சுவிட்சும் எப்போதும் போல வேலை செய்யும். இப்போது அவை ரிலேயை இழுத்துப் பிடிக்க மட்டும் துளி கரண்டை அனுப்புகின்றன. இதற்குப் பிறகு காயிலில் 12.2 கிடைத்தது.

காயில் தேர்வில்தான் பலரும் வழுக்குகிறார்கள். பாயின்ட் வைத்து ஓட்டுகிறவர்கள் பிரைமரி (காயிலுக்குள் பேட்டரி கரண்ட் பாயும் சுற்று) 4 ஓம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள காயிலையே போடுங்கள். 12 வோல்ட்டுக்கு 3 ஆம்பியர் பாயும், பாயின்ட் தாங்கும். 3 ஓம் காயில், பாயின்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் போட்ட வண்டிக்கு, அதுவும் கிட்டோடு வந்த தாளில் அப்படிச் சொல்லியிருந்தால். ஒரு கடையில் "நல்லா பொருந்தும்" என்று ஆர்எக்ஸ் 100 காயிலை எடுத்து நீட்டினார்கள். அது சிடிஐ காயில், பாயின்ட் இல்லாத எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கானது. பிரைமரி 1 ஓம் கூட இருக்காது. பாயின்ட் வண்டியில் மாட்டினால் பாயின்டும் வயரும் சேர்ந்து கருகும். அடையாளம் எளிது: ஒரே ஒரு சின்ன வயர் முனையும், எர்த்துக்கு வெறும் உடம்பும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நமக்கு வேண்டியதில் சின்ன முனைகள் இரண்டு இருக்கும். கண்டென்சரையும் இதோடு சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. மீட்டரில் அளக்கும்போது இரண்டு முனையையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, மீட்டர் வயரின் ஓம் எவ்வளவு என்று பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் அது கணக்கைக் கெடுக்கும்.

இனி இடம். கம்பெனி வைத்த இடம் டேங்குக்கு அடியில், சிலிண்டர் ஹெட்டுக்கு நேர் மேலே. டிராஃபிக்கில் நிற்கும்போது எழும் சூடெல்லாம் அந்தக் குகைக்குள்தான் போய் அடையும். நான் வாங்கிய காயில் பழையதைவிடப் பருமன் என்பதால் அங்கே எப்படியும் உட்காராது. மூன்று அங்குலம் முன்னால், ஹேண்டில் நெக்குக்குப் பின்னே நகர்த்தினேன். அங்கே காற்று வரும். முதலில் அட்டையில் வெட்டிப் பார்த்து, பிறகு 3 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் பிராக்கெட் செய்தேன். ஃபிரேமில் புதிதாக ஓட்டை போடாதீர்கள். ஏற்கெனவே இருக்கும் போல்ட் இடங்களே போதும். பிராக்கெட்டுக்கும் காயிலுக்கும் நடுவே ரப்பர் புஷ் வையுங்கள். இந்த வகைக் காயிலுக்கு உடம்பு எர்த் தேவையில்லை என்பதால் ரப்பரால் கெடுதல் இல்லை. ஹெச்டி வயர் வெளிவரும் வாய் கீழ்ப்பக்கம் சாய்ந்திருந்தால் மழைத் தண்ணீர் தேங்காது.

டேங்க் காயிலில் இடிக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் சப்பாத்தி மாவு கொஞ்சம் வாங்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றி, காயிலின் மேல் உருண்டையாக வைத்தேன். டேங்கை ஏற்றி அழுத்தி, எடுத்துப் பார்த்தால் நசுங்கிய தடிமன்தான் உள்ள இடைவெளி. 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஹேண்டிலையும் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர்க்கட்டு காயிலில் உரசவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹெச்டி வயர் 7 மில்லிமீட்டர், உள்ளே செப்புக் கம்பி உள்ளதாக வாங்குங்கள். கேப்பின் திருகு கம்பிக்குள் ஏற வேண்டும். கார்பன் வயரில் அது பிடிக்காது. நுனியை நேராக வெட்டித் திருகி, லேசாக இழுத்துப் பாருங்கள். கேப் என்ஜிகே 5 கிலோ ஓம் போட்டேன். பாயின்ட் திறக்கும் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்கிறதா என்றும் அன்றைக்கே பார்த்தேன்.

பிளக்கைக் கழற்றி ஹெட்டில் எர்த் செய்து உதைக்கும்போது பிளக் ஓட்டையிலிருந்து தள்ளியே பிடியுங்கள், பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். பொறி நீலமாகச் சத்தத்தோடு விழுந்தால் டேங்கை மாட்டலாம். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு ஒரு முறை டேங்கைத் தூக்கி பிராக்கெட் போல்ட்டுகளை மறுபடி இறுக்கினேன். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின. அடுத்த ஞாயிறு குன்னூர் வரை பர்லியாரில் நிற்காமல் ஏறினேன்.