கொஞ்ச நாளே வாசிச்ச ட்ரெமோலோ பேன் பெடல விக்கிறது எப்படி?

வாங்கி நாலஞ்சு தடவ வாசிச்சுட்டு இப்ப பெடல் போர்டுல இடமில்லன்னு ஓரமா கெடக்குற டிஜிட்டல் ட்ரெமோலோ பெடல் (கிட்டார் சத்தத்த ஏத்தி எறக்குற பெட்டி), அதுவும் பேன் (pan) மோடு, அதாவது சத்தத்த லெஃப்ட்டுக்கும் ரைட்டுக்கும் மாத்தி மாத்தி தள்ளுறது, இருக்குறது, அத விக்கப் போறீங்கன்னா இத படிச்சுட்டு விளம்பரம் போடுங்க. நான் மொத தடவ போட்டப்ப மூணு வாரம் ஒருத்தரும் சீண்டல, ஏன்னு வீடியோ எடுக்குற எடத்துல சொல்றேன்.

ஸ்டெப் 1: நீங்களே சோதிங்க

பெரும்பாலான பெடலுக்கு 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ் (பின்னோட நடு முனை மைனஸ்) அடாப்டர்தான், ஆனா அடியில இருக்குற ஸ்டிக்கர்ல எத்தன மில்லி ஆம்பியர்னு பாத்துட்டு சொருகுங்க, டிஜிட்டல் பெடல் அனலாக்க விட அதிகமா கரன்ட் இழுக்கும், பத்தலன்னா ஆனே ஆகாது இல்ல கிர்ர்னு கத்தும், அத பெடலோட கோளாறுன்னு நெனச்சு நீங்களே வெலைய கொறச்சுடாதீங்க.

அப்புறம் ரேட் (வேகம்), டெப்த் (ஆழம்), வேவ் (அலை வடிவம்) குமிழ் ஒவ்வொண்ணையும் மெதுவா இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்புங்க. டிஜிட்டல் பெடல்ல பெரும்பாலும் குமிழ் வழியா சத்தம் போறதில்ல, அது எங்க இருக்குன்னு சிப்புக்கு சொல்லுது அவ்ளோதான், அதனால தூசி அடைஞ்சா கரகரன்னு கேக்காது, ரேட் திடீர்னு தாவும். பவர எடுத்துட்டு ஒரு துளி கான்டாக்ட் கிளீனர் விட்டு இருவது தடவ திருப்பினா முக்கால்வாசி சரியாயிடும். டேப் டெம்போ சுவிட்ச் இருந்தா நாலு தட்டு தட்டிப் பாருங்க, தட்டுன வேகத்துக்கே ஆடணும். லெஃப்ட் அவுட், ரைட் அவுட் ரெண்டையும் தனித்தனியா சோதிங்க, ரைட்ட நீங்க ஒரு நாளும் தொட்டிருக்கவே மாட்டீங்க.

ஸ்டெப் 2: தொடச்சு போட்டோ

வெல்க்ரோ பசைய ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல தொடைக்கலாம், பெயின்ட் மேல மட்டும் ஒரு ஓரத்துல தொட்டுப் பாத்துட்டு. சீரியல் நம்பர் ஸ்டிக்கர பிச்சிடாதீங்க. ஜன்னல் வெளிச்சத்துல ஆறு பக்கமும் எடுங்க, கீறல் இருந்தா அதுக்குன்னே கிட்டத்துல ஒண்ணு. உள்ள சேத்து வச்ச ப்ரீசெட் இருந்தா ஃபேக்டரி ரீசெட் பண்ணிடுங்க.

ஸ்டெப் 3: வீடியோ, இங்கதான் நான் சொதப்பினேன்

செல்ஃபோன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) முன்னாடி வச்சு பேன் மோடுல வாசிச்சு போட்டேன், கேட்டவங்க எல்லாம் 'பேன் வேலை செய்யலயே'ன்னாங்க. வேலை செஞ்சுது, மோனோல, அதாவது லெஃப்ட் ரைட் பிரிக்காம ஒரே சேனலா எடுத்ததுல, கேக்கல. பேன்ல லெஃப்ட் ஏறும்போது ரைட் எறங்கும், ரெண்டையும் ஒண்ணா கலந்தா ஏத்தமும் எறக்கமும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டி சத்தம் ஆடாம ஒரே மாதிரி போகும். சரி, ஒரே ஒரு அவுட்ல எடுக்கலாம்னா அது வெறும் ட்ரெமோலோவாத்தான் கேக்கும்.

அதனால ரெண்டு அவுட்லேர்ந்தும் ரெண்டு கேபிள் போட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ்ல (கிட்டார் சத்தத்த கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற பெட்டி) ரெண்டு சேனலா எடுங்க, ஒண்ண முழுசா லெஃப்ட்டுக்கும் இன்னொண்ண முழுசா ரைட்டுக்கும் தள்ளி ஸ்டீரியோவா சேவ் பண்ணி வீடியோவோட ஒட்டுங்க. ஒரு கார்ட (chord) மட்டும் நீளமா விட்டு, ரேட்ட கம்மியா வச்சு, சத்தம் இந்தக் காதுலேர்ந்து அந்தக் காதுக்கு நடந்து போறத காட்டுங்க. 'ஹெட்போன்ல கேளுங்க'ன்னு தலைப்புலயே போடுங்க. வித்தை எல்லாம் வேணாம், நீங்க வாசிக்கிற சோலோவ யாரும் வாங்கப் போறதில்ல.

ஸ்டெப் 4: விளம்பரத்துல என்ன எழுதணும்

ட்ரெமோலோன்னா சத்தம் ஏறி எறங்குறது, வைப்ரேட்டோன்னா சுருதி ஆடுறது, இத ஒரு வரில எழுதிடுங்க. குழப்பத்துக்குப் பெரிய காரணம் ஃபெண்டர் கம்பெனிதான், 1954ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார்ல சுருதிய ஆட்டுற கைப்பிடிக்கு ட்ரெமோலோன்னு பேர் வச்சாங்க, அவங்க ஆம்ப்ல பல மாடல்ல வைப்ரேட்டோன்னு எழுதியிருக்குறது வால்யூமத்தான் ஆட்டுது, என்னத்த சொல்ல.

மத்தபடி இப்படி எழுதுனா போதும்: "வீட்ல மட்டும் வாசிச்சது, மேடைக்குப் போகல. ரெண்டு அவுட்டும் சோதிச்சாச்சு. இடது பக்கம் நகம் அளவு கீறல், போட்டோல இருக்கு. பெட்டி, அடாப்டர் உண்டு. பேன் முழுசா கேக்கணும்னா ரெண்டு ஆம்ப் இல்ல ஸ்டீரியோ செட்டப் வேணும்." கடைசி வரிய விட்டீங்கன்னா ஒரு ஆம்ப் வச்சிருக்கவர் வாங்கிட்டு திருப்பி அனுப்புவார்.

வெலைக்கு, மத்தவங்க கேக்குற வெலைய பாக்காதீங்க, வித்து முடிஞ்ச வெலைய பாருங்க. காசு அனுப்பிட்டேன்னு ஸ்கிரீன்ஷாட் வந்தா கணக்குல ஏறினப்புறம்தான் பார்சல்.

ஸ்டெப் 5: பேக்கிங்

பேட்டரி இருந்தா கழட்டுங்க. குமிழ விட ஒசரமா ரெண்டு பக்கமும் அட்டைய மடிச்சு நிறுத்தி அதுக்கு மேல பபிள் ராப் சுத்துங்க, அப்பதான் மேல எதாவது வெயிட் வச்சாலும் குமிழோட தண்டு வளையாது. அடாப்டர தனியா சுத்துங்க, இல்லன்னா வழி பூரா பெடல இடிச்சுக்கிட்டே போகும். டேப் ஒட்டினதும் காதுகிட்ட வச்சு ஒரு ஆட்டு ஆட்டுங்க, உள்ள லொடலொடன்னு கேட்டா திரும்பப் பிரிச்சு பேப்பர் திணிங்க.